தம்பிக்கு அனுப்பும் பெட்டி: எது தாங்கும், எது தாங்காது?

மூட்டைக்காரி | ஞாயிறு, இரவு 9.10

தம்பி ஜெர்மனிக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. வருடத்துக்கு இரண்டு பெட்டி அனுப்புகிறோம். அம்மா செய்வார், நான் கட்டுவேன், அப்பா கூரியர் கடையில் போய் நிற்பார்.

போன தடவை ஊறுகாய் பாட்டிலின் மூடி வழியாக எண்ணெய் கசிந்து, பக்கத்தில் இருந்த பலகாரம் எல்லாம் அதில் ஊறி, அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்த நிலையில்தான் அவன் கைக்குப் போனது. அதற்கு முந்தைய பெட்டியில் பால் இனிப்பு வைத்திருந்தோம். சுங்கத்தில் அதை எடுத்துக்கொண்டு, ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "இனி நான் எதுவும் செய்ய மாட்டேன்" என்றார் அம்மா. சொன்ன மறுநாளே மிளகாயைக் காயப்போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் அவன் பிறந்தநாள். அம்மா சொன்ன பட்டியல் இது: ஊறுகாய் இரண்டு பாட்டில், அரைத்த பொடி இரண்டு வகை, எண்ணெய்ப் பலகாரம் ஒரு டப்பா, தேன் ஒரு பாட்டில், பால் இனிப்பு (மறுபடியும்!). கருவாட்டுப் பொடி என்றால் தம்பிக்கு உயிர். ஆனால் மீன் கண்டிப்பாக மாட்டும் என்று பயந்து அம்மா இதுவரை அதை அனுப்பியதே இல்லை.

எது போகும், எது போகாது? கசியாமல் எப்படிக் கட்டுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையதபால் | ஞாயிறு, இரவு 10.02

நான் தபால் துறையில் பார்சல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா அனுப்பியதுதான் கூடாதது. பயந்து அனுப்பாமல் விட்டது போகக்கூடியது! தலைகீழாக நடந்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனி ஆள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. தபாலில் அனுப்பினாலும் அதே விதிதான். குழந்தைகளுக்கான பால் பவுடர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மீனுக்கு வேறு கணக்கு. உலர்ந்த மீன், புகையில் வாட்டிய மீன், சமைத்த மீன் என்று மொத்தம் 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்கு விடுகிறார்கள். ஒரே மீன் அதற்கு மேல் எடை இருந்தால் அந்த ஒரு மீனையும் விடுவார்கள். தேன் 2 கிலோ வரை போகலாம். ரொட்டி, கேக், பிஸ்கட், சாக்லேட் எல்லாம் இறைச்சி கலக்காதவரை பிரச்சினை இல்லை.

இது ஐரோப்பாவுக்கு மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்கு அனுப்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மூட்டைக்காரி | ஞாயிறு, இரவு 10.15

ஐயா, 20 கிலோவா! அம்மாவிடம் சொன்னேன். பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை.

சும்மாவந்தவன் | ஞாயிறு, இரவு 11.30

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பழைய துணிக்கு நடுவில் சுருட்டி வைத்து, படிவத்தில் "துணிமணி" என்று எழுதிவிடுங்கள். நான் பத்து தடவை அனுப்பிவிட்டேன், ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

பழையதபால் | திங்கள், காலை 6.20

தம்பி, பதினொன்றாவது தடவை என்று ஒன்று உண்டு.

பார்சலில் ஒட்டுகிற சின்னத் தாளுக்கு சி.என். 22 என்று பெயர், பெரிய படிவம் சி.என். 23. உலகம் முழுக்க ஒரே படிவம்தான். 1874-இல் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் கூடித் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஏற்பாடு அது. (எனக்கு ஓய்வு கிடைத்தாலும் இந்தப் பெருமை போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) 2021 ஜனவரி 1 முதல் அந்த விவரத்தைக் கணினியிலும் ஏற்றி அனுப்ப வேண்டும். அதாவது பெட்டி விமானம் ஏறுவதற்கு முன்பே அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த நாட்டுக்குத் தெரிந்துவிடும். ஊடுகதிரில் பாட்டில் தெரிகிறது, படிவத்தில் துணி என்று இருக்கிறது. எந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். உள்ளே இருந்த பொருள் அனுமதிக்கப்பட்டதாக இருந்தாலும், பொய் எழுதியது தனிக் குற்றம்.

"உணவுப் பொருள்" என்று மொட்டையாக எழுதுவதும் பயன்படாது. "வறுத்து அரைத்த மசாலாப் பொடி, 250 கிராம், 2 பாக்கெட்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதில் சேர்த்தவற்றின் பெயரை ஆங்கிலத்திலோ அந்த நாட்டு மொழியிலோ எழுதி ஒட்டுங்கள். நம் வீட்டில் ஒரு பலகாரத்துக்கு வைத்திருக்கிற செல்லப் பெயர் சுங்க அதிகாரிக்கு ஒன்றும் சொல்லாது.

மதிப்பையும் சரியாகப் போடுங்கள். தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் பரிசு 45 யூரோவுக்குள் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி இல்லை. பிரிட்டனில் 39 பவுண்டு. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சலுகையை 2025 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். பரிசுக்கு மட்டும் 100 டாலர் வரை விட்டுவைத்தார்கள்.

நாலாம்மாடி | திங்கள், காலை 8.45

என் மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். முதல் தடவை போனபோது பையில் தேன் வைத்திருந்தேன். விமானத்தில் கொடுத்த அட்டையில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர், "ஏன் பாட்டி வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்" என்றார்.

ஆக்லாந்தில் ஒரு பெண் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள். பொடியை முகர்ந்து பார்த்துத் தும்மினாள். தேனை மட்டும் எடுத்துக்கொண்டாள். அங்கே வெளித் தேன் சொட்டுக்கூடக் கூடாதாம், தேனீக்களுக்கு நோய் வந்துவிடுமாம். மற்றதை எல்லாம் திருப்பிக் கட்டிக் கொடுத்து, சொன்னதற்கு நன்றி என்றாள். பக்கத்து இருக்கைக்காரருக்கு 400 டாலர் அபராதம். ஒரு ஆப்பிள். பைக்குள் போட்டு மறந்தே போயிருந்தார், பாவம்.

சும்மாவந்தவன் | திங்கள், காலை 9.30

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆப்பிளுக்கும் ஒரு துண்டு இறைச்சிக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் அதிகம்தான். நாம் என்ன கப்பல் கப்பலாகவா அனுப்புகிறோம்?

ஈரமானி | திங்கள், மதியம் 1.10

(உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.)

ஒரு துண்டு போதும். பிரிட்டனில் 2001-இல் கோமாரி நோய் பரவி அறுபது லட்சத்துக்கும் அதிகமான மாடு, ஆடு, பன்றிகளைக் கொன்றார்கள். திருட்டுத்தனமாக வந்த இறைச்சி கலந்த கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதில்தான் அது தொடங்கியிருக்கும் என்பது விசாரணையின் முடிவு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2007-இல் ஜார்ஜியாவுக்கு வந்ததும் கப்பல் சமையலறைக் கழிவு வழியாகத்தான் இருக்கும் என்கிறார்கள். இன்னும் அருகில் சொல்வதானால், 2025 ஜனவரியில் ஜெர்மனியிலேயே பிராண்டன்பர்க்கில் எருமைகளுக்குக் கோமாரி வந்தது. 1988-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்தக் கிருமி பாலிலும் இருக்கும். பால் இனிப்பைப் பிடுங்கியவர் மேல் அம்மாவுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

செடிகொடிக்கும் இதே கதைதான். எலுமிச்சைக் குடும்பத்து இலைகளில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு போய்த் தோப்புகளையே அழிக்கும் நோயைப் பரப்பும். அரிசியில் கப்ரா வண்டு. அது இருக்கிற நாடுகளிலிருந்து பயணிகள் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுவர அமெரிக்கா விடுவதில்லை.

பழையதபால் | திங்கள், மதியம் 2.00

ஒரு வேடிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாவரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்துதான்: அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியான். டுரியான் அடிக்கிற வாடைக்கு அதோடு விமானத்தில் ஏற விட்டால் அல்லவா, அப்புறம் சான்றிதழைப் பற்றிக் கவலைப்பட!

அப்புறம் கசகசா. ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பெட்டியில் தப்பித் தவறியும் வேண்டாம். அங்கே அது சமையல் பொருள் கணக்கில் வராது, போதைப் பொருள் கணக்கில்தான் வரும். மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். பொடியை யார் அரைத்தார்களோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

மூட்டைக்காரி | திங்கள், இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. பால் இனிப்பு பட்டியலிலிருந்து போய்விட்டது, கருவாட்டுப் பொடி வந்துவிட்டது. இனி கசிவைப் பற்றிச் சொல்லுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, செய்தித்தாள் சுற்றித்தான் அனுப்பினேன். அப்படியும் கசிந்ததே?

ஈரமானி | திங்கள், இரவு 9.50

டேப் ஒட்டியதில் தவறில்லை. காற்றுதான் காரணம். விமானத்தின் சரக்கு அறையிலும் நாம் உட்காரும் இடத்தில் இருக்கும் அழுத்தமேதான் இருக்கும். அது ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல் ஒரு மலையில் இருப்பது போல. தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அழுத்தம். பாட்டிலின் மேல்பகுதியில் சிக்கிய காற்று மூன்றில் ஒரு பங்கு பெருகப் பார்க்கும். பாட்டில் படுத்துக் கிடந்தால் மூடியருகே இருப்பது எண்ணெய். காற்று தள்ள, எண்ணெய் மரை வழியாக வெளியே வரும். நீங்கள் பெட்டியில் "மேல்பக்கம்" என்று அம்புக்குறி போட்டாலும், எறிகிறவர் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு எறிவதில்லை.

என் யோசனை இதுதான்: எண்ணெயை அனுப்பாதீர்கள். ஊறுகாயை ஒரு வடிகட்டியில் இரவு முழுக்க வடியவிட்டு, கெட்டியாக இருப்பதை மட்டும் அகன்ற வாய் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் காற்று இடைவெளி இல்லாமல் அமுக்கி நிரப்புங்கள். டப்பாவின் வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் மூடியைத் திருகுங்கள். தம்பி அங்கே ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி, காய்ச்சி ஆறவைத்து ஊற்றிக்கொள்ளட்டும். எண்ணெய் எல்லா நாட்டிலும் கிடைக்கும். எடையும் குறையும்.

நாலாம்மாடி | செவ்வாய், காலை 7.15

எண்ணெய் இல்லாமல் ஊறுகாய் கெட்டுப்போகாதா? எங்கள் வீட்டில் ஒரு விரற்கடை எண்ணெய் மேலே நிற்காவிட்டால் மாமியார் பாட்டிலைத் தொட விடமாட்டார்.

ஈரமானி | செவ்வாய், காலை 9.05

மாமியார் சொன்னது பாதி சரி. மேலே நிற்கிற எண்ணெய் காற்றைத் தடுக்கும், அதனால் பூஞ்சை பிடிக்காது. ஆனால் ஊறுகாயைக் காப்பாற்றுவது உப்பும் புளிப்பும்தான். இரண்டு வாரப் பயணத்தை அவை தாங்கும்.

இது தெரியாமல் நடக்கிற ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. உப்பும் புளிப்பும் இல்லாத பச்சைப் பூண்டையோ வதக்கிய காயையோ எண்ணெயில் மூழ்கவைத்து, "எண்ணெயில்தானே இருக்கிறது" என்று மாதக்கணக்கில் வெளியே வைப்பது. காற்றில்லாத இடத்தில்தான் போட்டுலிசம் விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியா வளரும். 1985-இல் வான்கூவரில் ஒரு உணவகத்தில் எண்ணெயில் போட்ட பூண்டால் பலர் நோய்வாய்ப்பட்டார்கள். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. எலுமிச்சையோ வினிகரோ போதிய அளவு சேர்ந்த ஊறுகாய் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

இதனால்தான் ஈரப் பண்டத்தைக் காற்றுறிஞ்சிப் பையில் கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாரும் அந்த இயந்திரத்தை வாங்கிவைத்துக்கொண்டு குழம்பு, தொக்கு என்று கையில் கிடைத்ததை எல்லாம் அதில் போடுகிறார்கள். உலர்ந்த பண்டத்துக்கு அது அருமையானது. ஈரமான, புளிப்பில்லாத பண்டத்துக்குக் காற்றை எடுப்பது அந்தக் கிருமிக்கு வீடு கட்டிக்கொடுப்பது.

சும்மாவந்தவன் | செவ்வாய், காலை 9.40

நான் அந்த இயந்திரத்தைப் போன மாதம்தான் வாங்கினேன்.

ஈரமானி | செவ்வாய், மதியம் 12.30

வறுத்த பருப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொடி பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பண்டம் கெடுமா என்பது அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தண்ணீர் கிருமிக்கு எட்டுகிற மாதிரி சும்மா இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை 0 முதல் 1 வரை அளப்போம். தண்ணீருக்கு 1. 0.85-க்குக் கீழே வந்தால் நோய் தரும் பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. 0.6-க்குக் கீழே பூஞ்சைகூட வளராது. தேன் கெடாததற்கு அதுதான் காரணம். (ஒரு வயது ஆகாத குழந்தை அந்த வீட்டில் இருந்தால் தேனைக் குழந்தையின் வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.)

நன்றாக வறுத்து அரைத்த பொடி இந்த அளவுக்கு வெகு கீழே இருக்கும். அதைக் கெடுப்பது நாம்தான். அரைத்த சூட்டோடு டப்பாவில் போட்டு மூடுகிறோம், மூடியின் உள்பக்கம் வியர்க்கிறது, அந்தத் துளி பொடியில் விழுகிற இடத்தில் பூஞ்சை தொடங்குகிறது. அகலமான தட்டில் கொட்டி முழுக்க ஆறவிடுங்கள். கை வைத்துப் பார்த்தால் கொஞ்சமும் சூடு தெரியக் கூடாது.

எண்ணெய்ப் பலகாரத்துக்கு வருகிற கேடு வேறு. அது பூசணம் பிடிக்காது, சிக்கெடுக்கும். காற்றும் வெளிச்சமும் சூடும் எண்ணெயைக் கெடுப்பதால் வருகிற வாடை அது. ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை காய்ந்த எண்ணெயில் சுட்டால் பெட்டி போய்ச் சேரும் முன்பே வாடை வந்துவிடும். புது எண்ணெயில் சுடுங்கள். செருப்புப் பெட்டியில் வருகிற வெள்ளை மணிப் பையை எடுத்து உள்ளே போடுகிறார்கள். அது ஈரத்தை மட்டும்தான் இழுக்கும். சிக்கு வாடையைத் தடுக்க, இரும்புத்தூள் உள்ள ஆக்சிஜன் உறிஞ்சிப் பை வேண்டும். இரண்டும் வேறு வேறு.

பழையதபால் | செவ்வாய், மாலை 4.45

எண்ணெய்ப் பலகாரத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும், இது பணக் கணக்கு. கூரியரில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 40, 30, 30 உள்ள பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே பொரித்த பலகாரம் மூன்று கிலோதான் இருந்தாலும் 7.2-க்குத்தான் பணம். தபாலில் பெரும்பாலும் உண்மையான எடைதான். கனமான சின்னப் பொருளுக்கு எது, பெரிய லேசான பொருளுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் ஒரு அளவு நாடா கொடுத்து அனுப்புங்கள்.

பனிக்காலத்தான் | செவ்வாய், இரவு 11.55

நான் பெட்டி வாங்குகிற பக்கம். அமெரிக்காவில் ஒன்பது வருடம். இந்த இழையில் அனுப்புகிறவர்களே பேசுவதால் ஒரு வார்த்தை.

பெட்டி வருகிற அன்று சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிலோ ஊறுகாய் பாட்டில் ஒரு ஆளுக்கு எதற்கு? திறந்த மூன்றாம் வாரம் யாராவது ஈரக் கரண்டியைப் போட்டுவிடுவார்கள், அதோடு முடிந்தது. நூறு நூறு கிராமாகப் பத்துப் பாக்கெட் போடுங்கள். ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும்.

நான்கு பேர் சேர்ந்து இருக்கிற வீட்டில் குளிர்பெட்டியில் எனக்கு ஒரு தட்டுதான். மீன் வாடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கருவாட்டுப் பொடியை மூன்று உறையில் போடுங்கள், கண்ணாடி டப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபப்படாதீர்கள் அக்கா. இந்தப் பட்டியலை உங்கள் தம்பி கொடுத்தாரா, அம்மா கொடுத்தாரா?

மூட்டைக்காரி | புதன், காலை 6.05

அம்மாதான். அவனிடம் கேட்டால் "எது அனுப்பினாலும் சரி" என்பான். ஒவ்வொரு பெட்டிக்கும் "சூப்பர்" என்று எழுதுவான்.

பனிக்காலத்தான் | புதன், காலை 7.20

நானும் ஆறு வருடம் "சூப்பர்" என்றுதான் எழுதினேன். தனியாகப் பேசிப் பாருங்கள்.

மூட்டைக்காரி | வியாழன், இரவு 10.40

பேசினேன். எழுதவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான். நான்கு வருடத்தில் எட்டுப் பெட்டி. ஊறுகாயில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிருக்கிறது. இரண்டு தடவை பூசணம், ஒரு தடவை உடன் இருந்தவர்கள் வாடைக்கு முகம் சுளித்ததால் இவனே தூக்கிப் போட்டிருக்கிறான். இனிப்பு அவனுக்கு இப்போது பிடிப்பதே இல்லையாம். சுங்கத்தில் எடுத்துக்கொண்டபோது நிம்மதியாக இருந்ததாம்! அதைச் சொல்லிவிட்டு அழுதுவிட்டான், முப்பது வயதுப் பையன்.

"உனக்கு உண்மையிலேயே என்னதான் வேண்டும்" என்று கேட்டேன். கருவாட்டுப் பொடி. அப்புறம் அம்மா வறுக்கிற வேர்க்கடலை. வேர்க்கடலை அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்குமே என்றேன். "அது எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கிறது அக்கா" என்றான். அம்மா அடுப்பில் கடலையைப் போட்டுவிட்டு வாசலில் யாரோடாவது பேசப் போய்விடுவார். கைப்பிடியில் நாலைந்து தீய்ந்தே இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லலாமா?

நாலாம்மாடி | வெள்ளி, காலை 5.50

குப்பைக்குப் போனதைச் சொல்லாதே அம்மா. கடலை கேட்டான் என்று மட்டும் சொல். மிச்சத்தை அவளே புரிந்துகொள்வாள், அல்லது புரியாமலே இருக்கட்டும். எட்டுப் பெட்டிக்கு அவள் வெயிலில் நின்ற நாளை எல்லாம் இப்போது கணக்குப் பார்க்க வைக்காதே.

சும்மாவந்தவன் | வெள்ளி, காலை 10.00

நான் சொல்லிவிடு என்பேன். இல்லாவிட்டால் ஒன்பதாவது பெட்டியிலும் ஊறுகாய் போகும். பொய் எழுதிய படிவம் மாட்டும் என்று எனக்கு இந்த இழையில்தான் வகுப்பு எடுத்தீர்கள்.

ஈரமானி | வெள்ளி, காலை 11.15

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் நாலாம்மாடி அம்மா பக்கம்.

வேர்க்கடலைக்கு: வறுத்து ஆறியதும் சின்னப் பைகளில் ஆக்சிஜன் உறிஞ்சியோடு போடுங்கள். தோலோடு இருந்தால் இன்னும் நாள் தாங்கும். காற்றுறிஞ்சி இயந்திரம் உள்ளவர் இந்த இழையில் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

மூட்டைக்காரி | ஞாயிறு, மாலை 6.30

சொல்லிவிட்டேன். முழுதாக இல்லை. கடலை கேட்டான், பொடி கேட்டான், ஊறுகாய் இந்தத் தடவை வேண்டாமாம் என்று மட்டும்.

அம்மா மிளகாயைப் புடைத்துக்கொண்டே, "அது எனக்குத் தெரியும்" என்றார். எப்படி என்றேன். "நல்லா இருந்திருந்தால் இரண்டாவது தடவை கேட்டிருப்பானே. நான்கு வருடத்தில் ஒரு நாள் கேட்டானா?" என்றார். அப்புறம் ஏன் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

பெட்டி நேற்றுப் போனது. கருவாட்டுப் பொடி நூறு கிராம் ஆறு பாக்கெட், மூன்று உறை போட்டது. கடலை ஒரு கிலோ. தேன் ஒரு சின்ன பாட்டில், அது அப்பாவின் பிடிவாதம். படிவத்தில் எல்லாவற்றையும் பெயர் பெயராக எழுதினேன். மதிப்பு 45 யூரோவுக்கு வெகு கீழே. கூரியருக்குப் பதில் தபால்.

பழையதபால் | ஞாயிறு, மாலை 7.00

கண்காணிப்பு எண்ணைத் தினமும் பார்க்காதீர்கள். சுங்கத்தில் நாலு நாள் அசையாமல் நிற்கும். அது வழக்கம்தான்.

மூட்டைக்காரி | பதினெட்டு நாள் கழித்து, வியாழன் இரவு 9.25

ஐயா, ஏழு நாள் அசையாமல் நின்றது. இருந்தாலும் பிரிக்காமலே கொடுத்துவிட்டார்கள். எதுவும் கசியவில்லை, தேன் உள்பட. பிறந்தநாள் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இந்தத் தடவை அவன் "சூப்பர்" என்று எழுதவில்லை. மூன்று நாள் ஒன்றுமே எழுதவில்லை. அம்மா தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார், பார்க்காத மாதிரி.

இன்று காலை அம்மாவுக்கே நேராக ஒரு குரல் செய்தி: கடலை தீர்ந்துவிட்டது, இன்னும் ஒரு கிலோ வேண்டும், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தீய்ந்திருந்தால் பரவாயில்லை.

அம்மா மத்தியானமே அடுப்பில் வாணலியை வைத்துவிட்டார். பக்கத்திலேயே நின்று, வாசல் பக்கம் திரும்பாமல், மூன்று தடவை வறுத்தார். மூன்று தடவையும் எல்லாக் கடலையும் ஒரே நிறமாக வந்துவிட்டது. வேண்டுமென்றே தீய்க்க அவருக்கு வரவில்லை.

நாலாம்மாடி | வியாழன், இரவு 9.40

நாளைக்கு வறுக்கும்போது என்னைக் கூப்பிடச் சொல். பேசிக்கொண்டிருப்போம்.